எய்தவன் இருக்க அம்பை நோவதா? வர்ஜீனியா பேராசிரியரின் வெற்றியும் தோல்வியும்

2025-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவு பிறப்பித்தார். வெளிநாட்டில் இருந்து எச்-1பி விசாவில் புதிதாக ஆள் அழைக்கும் கம்பெனிகள், ஒரு விண்ணப்பத்துக்கு 1 லட்சம் டாலர் கட்டவேண்டும் என்பது அந்த உத்தரவு. பிள்ளையை என்ஜினீயரிங் படிக்க வைத்துவிட்டு, அமெரிக்க வேலையை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்கள் மும்பைத் தமிழர்களிடையே கொஞ்சமல்ல. அவர்கள் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: நம் பிள்ளைகள் மீது அவர்களுக்கு என்ன கோபம்?

இந்தக் கோபம் ஒரே நாளில் வந்தது அல்ல. அது ஓட்டாக மாறும் என்பதை அமெரிக்க அரசியல்வாதிகளுக்குப் பளிச்சென்று காட்டியது ஒரு சின்னத் தேர்தல். 2014-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி வர்ஜீனியா மாநிலத்தின் 7-வது தொகுதியில் அது நடந்தது. ஜெயித்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். பெயர் டேவ் பிராட். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த பழமைவாதி. தோற்றவர் எரிக் கேன்டர். அவரும் அதே கட்சிதான். அந்தக் கட்சியின் பெருந்தலைவர்களில் ஒருவர்.

அந்தப் பேராசிரியர் யார்? அவருடைய கொள்கை என்ன? அவர் சொன்னதில் நியாயம் எவ்வளவு, கோணல் எவ்வளவு? பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நாம் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

டிக்கெட் கொடுப்பது யார்?

முதலில் ஒரு விளக்கம். நம் நாட்டில் கட்சி மேலிடம்தான் வேட்பாளரை அறிவிக்கும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தொண்டன் அவருக்காகக் கொடி பிடிக்க வேண்டியதுதான். அமெரிக்காவில் அப்படி இல்லை. பொதுத் தேர்தலுக்கு முன்பு கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் நடக்கும். அதற்கு "பிரைமரி" என்று பெயர். அதில் சாதாரண வாக்காளர்களே ஓட்டுப் போட்டு, கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்கிறார்கள். பதவியில் இருக்கும் பெரிய தலைவராக இருந்தாலும் சரி, எதிர்த்து ஒருவர் நின்றுவிட்டால் இந்தப் பரீட்சையை எழுதியே ஆகவேண்டும்.

அமெரிக்கக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபையில் 435 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பதவிக்காலம் 2 ஆண்டுகளே. ஆகவே 2 ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பரீட்சை வந்துகொண்டே இருக்கும்.

எரிக் கேன்டர் 2000-ம் ஆண்டில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2011-ம் ஆண்டு சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஆனார். சபாநாயகர் ஜான் பெய்னருக்கு அடுத்த இடம் அவருடையது. பெய்னர் விலகினால் அந்த நாற்காலி கேன்டருக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பெரும்பான்மைக் கட்சித் தலைவர் என்ற பதவி 1899-ம் ஆண்டில் ஏற்பட்டது. அன்று முதல் அந்தப் பதவியில் இருந்த எவரும் சொந்தக் கட்சியின் பிரைமரியில் தோற்றது கிடையாது.

யானைக்கும் அடி சறுக்கியது

பண பலத்தில் இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கேன்டர் தரப்பு செலவிட்டது 50 லட்சம் டாலருக்கும் அதிகம். பிராட் திரட்டிய நிதி சுமார் 2 லட்சம் டாலர். இறைச்சி உணவு விடுதிகளில் நடந்த விருந்துகளுக்காக மட்டும் கேன்டர் தரப்பு 1 லட்சத்து 68 ஆயிரம் டாலர் செலவிட்டதாகத் தேர்தல் கணக்கில் வெளிவந்தது. ஒருவருடைய விருந்துச் செலவும் மற்றவருடைய முழுப் பிரசாரச் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பத்திரிகைகள் எழுதின.

கேன்டர் தரப்பு எடுத்த கருத்துக் கணிப்பு, அவர் 34 சதவீத வித்தியாசத்தில் முன்னணியில் இருப்பதாகச் சொன்னது. அந்த நம்பிக்கையில், ஓட்டுப்பதிவு நாளன்று காலையில்கூட அவர் தொகுதியில் இல்லை. நிதி கொடுப்பவர்களைச் சந்திக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருந்தார்.

அன்று இரவு முடிவு வந்தது. பிராட் 36 ஆயிரத்து 105 ஓட்டுகள். கேன்டர் 28 ஆயிரத்து 912 ஓட்டுகள். சதவீதக் கணக்கில் 55.5-க்கு 44.5. மறுநாளே, ஜூலை முடிவில் தலைவர் பதவியில் இருந்து விலகுவதாகக் கேன்டர் அறிவித்தார். ஆகஸ்டு மாதம் சபை உறுப்பினர் பதவியையும் ராஜினாமா செய்தார்.

யார் இந்தப் பிராட்?

டேவிட் பிராட் 1964-ம் ஆண்டு மிச்சிகன் மாநிலம் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். தந்தை டாக்டர். மிச்சிகனில் உள்ள ஹோப் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் சேர்ந்து, 1990-ம் ஆண்டில் சமயப் படிப்பில் முதுகலைப் பட்டம் வாங்கினார். அதன்பின் பாதை திரும்பியது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து 1995-ல் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு வர்ஜீனியாவில், ஆஷ்லாந்து என்ற சிற்றூரில் இருக்கும் ராண்டால்ப்-மேக்கன் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே பொருளாதாரத் துறைத் தலைவராகவும் உயர்ந்தார்.

சமயப் படிப்பு ஒரு பக்கம், பொருளாதாரம் மறு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் அவருடைய வழி. தடையற்ற வாணிபம் வெறும் லாபக் கணக்கு அல்ல, அதற்கு ஓர் அறநெறி அடிப்படை இருக்கிறது என்பது அவர் வாதம். முதலாளித்துவத்தின் நெறி அடிப்படையைக் கற்பிப்பதற்காக ஒரு வங்கியின் அறக்கட்டளை நிதி கொடுத்து நடத்திய பாடத் திட்டத்துக்கும் அவர் பொறுப்பாளராக இருந்தார்.

இந்த மனிதரைத் தோற்கடிக்கக் கேன்டர் தரப்பு தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தது. "இவர் மிதவாதப் பேராசிரியர், ஜனநாயகக் கட்சி கவர்னருக்கு ஆலோசனை சொன்னவர்" என்று தாக்கியது. மாநிலத்தின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் அவர் இருந்ததுதான் அதற்கு ஆதாரம். விளைவு நேர்மாறாகப் போயிற்று. பிராட் என்று ஒருவர் நிற்கிறார் என்பதே பலருக்கு அந்த விளம்பரத்தின் மூலம்தான் தெரிந்தது.

டீ பார்ட்டி என்ற பெயரில் இயங்கிய பழமைவாத இயக்கத்தின் உள்ளூர்த் தொண்டர்கள் அவருக்காக வீடு வீடாகப் போனார்கள். ஆனால் அந்த இயக்கத்தின் பெரிய தேசிய அமைப்புகள் அவருக்குப் பணம் கொடுக்கவில்லை. ஜெயிக்க மாட்டார் என்று அவையும் நினைத்தன. வானொலிப் பேச்சாளர் லாரா இங்கிரகாம் போன்ற சிலர் மட்டும் அவரைத் தூக்கிப் பேசினார்கள்.

அவருடைய கொள்கைகள்

வர்ஜீனியா குடியரசுக் கட்சிக்கு ஒரு கொள்கைப் பிரகடனம் உண்டு. தடையற்ற தொழில் முறை, எல்லோருக்கும் சம உரிமை, வரவுக்குள் செலவு, அரசியல் சட்ட வரம்பை மீறாத அரசாங்கம், பலமான ராணுவம், தெய்வ நம்பிக்கை ஆகியவை அதன் சாரம். "நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. நம் கட்சி எழுதி வைத்ததைத்தான் சொல்கிறேன். கேன்டர்தான் அதை மறந்துவிட்டார்" என்ற தோரணையில் பிராட் பேசினார். இது கெட்டிக்காரத்தனமான பிரசாரம். கட்சிக்கு விரோதி என்று அவரை ஒதுக்க முடியவில்லை.

தனித்தனியாகப் பார்த்தால் அவருடைய நிலைகள் இவை:

வரியைக் குறைக்க வேண்டும். வரிச் சட்டம் எளிமையாக வேண்டும். மத்திய அரசின் செலவைச் சுருக்க வேண்டும்.

ஒபாமா கொண்டுவந்த மருத்துவ இன்சூரன்ஸ் சட்டத்தை ரத்து செய்ய வேண்டும்.

பள்ளிக்கூடப் படிப்பில் மத்திய அரசு தலையிடக் கூடாது.

குடிமக்களின் டெலிபோன் விவரங்களை அரசாங்க உளவு நிறுவனம் மொத்தமாகத் திரட்டக் கூடாது.

ஒருவர் 12 ஆண்டுகளுக்கு மேல் சபையில் உட்காரக் கூடாது. தாமும் அதற்குக் கட்டுப்படுவதாக வாக்குறுதி கொடுத்தார்.

காங்கிரஸ் உறுப்பினர்கள் பதவியில் கிடைக்கும் ரகசியத் தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்வதைத் தடுக்க 2012-ல் ஒரு சட்டம் வந்தது. அதைக் கேன்டர் நீர்த்துப்போகச் செய்தார் என்பது பிராட்டின் குற்றச்சாட்டு.

இவற்றில் பல, அமெரிக்கப் பழமைவாதிகள் வழக்கமாகச் சொல்பவைதான். ஆனால் அவருடைய பிரசாரத்துக்குச் சூடு ஏற்றியது வேறு ஒன்று. அதுதான் குடியேற்றப் பிரச்சினை.

கூலியும் குடியேற்றமும்

2013-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி அமெரிக்க செனட் சபை ஒரு பெரிய மசோதாவை நிறைவேற்றியது. ஆதரவு 68, எதிர்ப்பு 32. அனுமதியின்றி அமெரிக்காவில் வசித்த சுமார் 1 கோடியே 10 லட்சம் பேரில் தகுதி உள்ளவர்கள், பல ஆண்டுகள் காத்திருந்து, அபராதம் கட்டி, குடிமக்கள் ஆவதற்கு அது வழி செய்தது. எச்-1பி விசாவின் எண்ணிக்கையை உயர்த்தவும் அதில் இடம் இருந்தது. பெரிய கம்பெனிகளின் சங்கங்கள் அந்த மசோதாவை ஆதரித்தன.

மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வரவேண்டும். அங்கே எந்த மசோதாவை எப்போது எடுப்பது என்பதில் கேன்டரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அவரோ இரண்டு பக்கமும் பேசினார். பெற்றோருடன் சிறு பிள்ளைகளாக வந்தவர்களுக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரலாம் என்று ஒரு சமயம் சொன்னார். தேர்தல் நெருங்கியதும், குடியேறிகளுக்குப் பொது மன்னிப்புக் கொடுக்கும் திட்டத்தைத் தடுத்து நிறுத்தியவர் தாமே என்று வீடுகளுக்கு நோட்டீசு அனுப்பினார்.

பிராட் இந்த இடத்தில்தான் பிடித்தார். அவர் வாதம் இதுதான்: பெரிய கம்பெனிகளுக்கு மலிவான கூலியாட்கள் தேவை. அதற்காகத்தான் குடியேற்றத்தைத் திறந்துவிடச் சொல்கிறார்கள். கேன்டர் அவர்களிடம் நிதி வாங்குகிறார், அவர்களுக்கு வேலை செய்கிறார். கூலி குறைவது நமக்கு. லாபம் போவது அவர்களுக்கு. தொழிலுக்குத் தாம் விரோதி அல்ல என்றும், பெரிய தொழிலும் பெரிய அரசாங்கமும் கைகோர்ப்பதையே எதிர்ப்பதாகவும் அவர் சொன்னார்.

இதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பெரிய முதலாளிகளின் பணம் அமெரிக்க அரசியலில் புகுந்து விளையாடுகிறது என்பது ஊரறிந்த விஷயம். பதவி போன சில வாரங்களில், 2014 செப்டம்பரில், கேன்டர் ஒரு முதலீட்டு வங்கியில் உயர் பதவியில் சேர்ந்தார். 2015-ம் ஆண்டு இறுதிவரை அவருக்குச் சம்பளமும் பங்குகளுமாகச் சுமார் 34 லட்சம் டாலர் கிடைக்கும் என்று வெளியாயிற்று. "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்று பிராட்டின் ஆதரவாளர்கள் சொல்வதற்கு இடம் கொடுத்துவிட்டார்.

பதில் வராத ஒரு கேள்வி

ஆனால், வெற்றி பெற்ற மறுநாள் நடந்ததைக் கவனிக்க வேண்டும். தொலைக்காட்சி நிருபர் ஒருவர் பிராட்டைப் பேட்டி கண்டார். "குறைந்தபட்சக் கூலி பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டார். அதற்குத் தம்மிடம் தயாரான பதில் இல்லை என்றார் பிராட். உற்பத்தித் திறன் உயர்ந்தால்தான் கூலி உயரும், சட்டம் போட்டு உயர்த்த முடியாது என்ற பாணியில் பேசிவிட்டு விலகிக்கொண்டார்.

கூலி குறைகிறது என்று சொல்லி ஓட்டு வாங்கியவர், பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், குறைந்தபட்சக் கூலி எவ்வளவு இருக்கவேண்டும் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்கவில்லை! அப்போது மத்திய அரசின் சட்டப்படி அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். அது 2009-ம் ஆண்டு ஜூலையில் ஏற்பட்ட விகிதம். அடுத்த 15 ஆண்டுகளுக்கு மேலாகியும் அது ஒரு சென்ட் கூட உயரவில்லை.

பிராட்டின் வாதத்தில் உள்ள கோணல் இங்கேதான் இருக்கிறது. அவர் குற்றம் சாட்டியது முதலாளி மீது. தண்டனை சொன்னது தொழிலாளிக்கு. கூலியைக் குறைப்பவன் கம்பெனிக்காரன் என்றால், அவனைக் கட்டுப்படுத்தச் சட்டம் கேட்டிருக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலியை உயர்த்து என்று கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்காமல், வேலைக்கு வருகிறவனைத் தடுத்து நிறுத்து என்றார். எய்தவன் இருக்க அம்பை நொந்துகொண்டார்.

வெளியில் இருந்து வருகிறவர்களால் உள்ளூர்க்காரரின் கூலி குறைகிறதா? அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2016-ம் ஆண்டு இதை விரிவாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. நீண்ட காலத்தில் பார்க்கும்போது, உள்ளூர்த் தொழிலாளர்களின் மொத்தக் கூலி மீது குடியேற்றத்தின் பாதிப்பு மிகச் சொற்பம் என்றது அறிக்கை. பாதிப்பு இருக்குமானால், அது பெரும்பாலும் முன்பே குடியேறியவர்களுக்கும், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்கும்தான் என்றும் சொன்னது. அந்தக் கடைசி வரியை நாமும் மறந்துவிடக் கூடாது. மிகவும் ஏழையான உள்ளூர்த் தொழிலாளிக்கு உண்மையாகவே குறை இருக்கலாம். அவனுடைய குறையைக் கேலி செய்வது தவறு. அந்தக் குறையைத் தீர்க்காமல், அதைக் காட்டி ஓட்டு வாங்குவது அதைவிடத் தவறு.

எச்-1பி விசாவையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 65 ஆயிரம் விசாக்கள். அமெரிக்காவில் மேல்படிப்புப் படித்தவர்களுக்கு மேலும் 20 ஆயிரம். அந்த விசாவில் போகிறவர் கம்பெனியை நம்பித்தான் அங்கே இருக்க முடியும். வேலை போனால் சாதாரணமாக 60 நாட்களுக்குள் இன்னொரு கம்பெனியைப் பிடிக்கவேண்டும், அல்லது மூட்டை கட்ட வேண்டும். இப்படிக் கழுத்தில் கயிறு மாட்டப்பட்டவன் சம்பளம் போதவில்லை என்று எப்படி வாய் திறப்பான்? கயிற்றை அவிழ்த்துவிட்டால், அவனும் நல்ல சம்பளம் கேட்பான். உள்ளூர்க்காரனுக்கும் அதனால் நன்மை.

நம் வீட்டு வாசல் வரை

பிராட்டின் வெற்றி அந்தத் தொகுதியோடு நிற்கவில்லை. "குடியேற்ற மசோதாவைத் தொட்டால் கேன்டர் கதிதான்" என்ற பயம் குடியரசுக் கட்சி உறுப்பினர்களைப் பிடித்துக்கொண்டது. 2014 ஜூன் மாத இறுதியில், அந்த ஆண்டு சபையில் மசோதா ஓட்டெடுப்புக்கு வராது என்று சபாநாயகர் பெய்னர் தம்மிடம் தெரிவித்துவிட்டதாக ஜனாதிபதி ஒபாமா அறிவித்தார். செனட் நிறைவேற்றிய மசோதா அப்படியே செத்தது.

நம்மவர்களுக்கு அதில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. எச்-1பி தொழிலாளர்களை அதிகமாக வைத்திருக்கும் இந்தியக் கம்பெனிகளுக்கு அது கடுமையான கட்டணங்களை விதித்திருக்கும். ஆனால் இன்னொரு பக்கம், வேலை அடிப்படையில் வழங்கும் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்ச வரம்பை நீக்கியிருக்கும். அந்த வரம்பால் அதிகம் வாடுகிறவர்கள் இந்தியர்கள். ஆண்டுக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் கார்டு என்ற கணக்கில், சிறிய நாட்டுக்கும் பெரிய நாட்டுக்கும் ஒரே அளவுகோல். அதனால் நம்மவர்கள் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். வர்ஜீனியாவின் ஒரு தொகுதியில் சுமார் 65 ஆயிரம் பேர் போட்ட ஓட்டு, சென்னையிலும் மும்பையிலும் உள்ள குடும்பங்களைத் தொட்டது இப்படித்தான்.

அதற்கு மறு ஆண்டு, 2015 ஜூனில், டிரம்ப் ஜனாதிபதி வேட்பாளராகக் களத்தில் குதித்தார். குடியேற்ற எதிர்ப்பே அவருடைய முதல் ஆயுதம். பிராட் ஒரு தொகுதியில் சோதித்துப் பார்த்த மருந்து, நாடு முழுவதும் விற்பனைக்கு வந்தது.

சொன்னதைச் செய்தாரா?

2014 நவம்பர் பொதுத் தேர்தலில் பிராட் சுலபமாக வெற்றி பெற்றார். அவரை எதிர்த்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜாக் டிராமெல், அதே ராண்டால்ப்-மேக்கன் கல்லூரியின் பேராசிரியர் என்பது ஒரு வேடிக்கை.

ஒரு விஷயத்தில் பிராட்டைப் பாராட்ட வேண்டும். தலைமைக்குத் தலை ஆட்டமாட்டேன் என்று சொன்னவர், அப்படியே நடந்துகொண்டார். 2015 ஜனவரியில் சபாநாயகர் தேர்தலில் தம் கட்சியின் பெய்னருக்கே ஓட்டுப் போடவில்லை. நம் நாட்டில் 1985-ம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கட்சிக் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும். அங்கே அந்தப் பயம் இல்லை. தலைமையை எதிர்க்கும் பழமைவாத உறுப்பினர்கள் "பிரீடம் காகஸ்" என்ற குழுவாகச் சேர்ந்தபோது, பிராட்டும் அதில் இருந்தார்.

சோதனை வந்தது மருத்துவ இன்சூரன்ஸ் விஷயத்தில். ஒபாமா சட்டத்தை ரத்து செய்யும் மசோதா 2017-ல் வந்தது. முதலில், அது போதுமான அளவுக்கு ரத்து செய்யவில்லை என்று பட்ஜெட் கமிட்டியில் எதிர்த்து ஓட்டளித்தார். பிறகு மசோதா திருத்தப்பட்டது. மே 4-ந் தேதி ஆதரித்து ஓட்டளித்தார். 217-க்கு 213 என்ற கணக்கில் சபையில் அது நிறைவேறியது. அந்த மசோதா சட்டமானால், 2026-ம் ஆண்டில் இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் 2 கோடியே 30 லட்சம் பேர் கூடுதலாக இருப்பார்கள் என்று காங்கிரசின் பட்ஜெட் அலுவலகம் பின்னர் கணக்கிட்டது. ஜூலை மாதம் செனட் சபையில் ரத்து முயற்சி தோற்றது.

தொகுதியில் புகைச்சல் கிளம்பியது. முன்பே நோய் உள்ளவர்களின் கதி என்ன என்று தாய்மார்கள் கேட்டார்கள். நேரில் வந்து பதில் சொல் என்றார்கள். 2017 ஜனவரியில் கட்சிக்காரர்கள் கூட்டம் ஒன்றில் பேசிய பிராட், எங்கே போனாலும் பெண்கள் முகத்துக்கு நேரே வந்து மறிக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். அந்தப் பேச்சு வெளியே பரவியது. செஸ்டர்பீல்டு மாவட்டத்துப் பெண்கள் அதையே கோஷமாக்கிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார்கள்.

கேன்டரைப் பற்றிப் பிராட் சொன்ன முக்கியமான குறை என்ன? "தொகுதி மக்களின் குரலைக் கேட்பதில்லை" என்பதுதானே. அதே குறையை மூன்றே ஆண்டுகளில் அவர் மீது மக்கள் சொன்னார்கள்.

வந்த வழியே வெளியே

2018 நவம்பரில் அவரை எதிர்த்து நின்றவர் அபிகெயில் ஸ்பான்பெர்கர் என்ற பெண்மணி. ஜனநாயகக் கட்சி. மத்திய உளவு ஸ்தாபனத்தில் அதிகாரியாக வேலை பார்த்தவர். மருத்துவச் செலவு, மக்களைச் சந்திப்பது, இந்த இரண்டையுமே அவர் திரும்பத் திரும்பப் பேசினார். பெரும் பணத்தை எதிர்த்து ஜெயித்த பிராட்டுக்கு ஆதரவாக, அந்த முறை குடியரசுக் கட்சித் தலைமையைச் சார்ந்த நிதிக் குழு ஒன்று தாராளமாகச் செலவிட்டது. காலத்தின் கோலம்!

முடிவு: ஸ்பான்பெர்கர் 1 லட்சத்து 76 ஆயிரத்து 79 ஓட்டுகள். பிராட் 1 லட்சத்து 69 ஆயிரத்து 295 ஓட்டுகள். வித்தியாசம் 7 ஆயிரத்துக்கும் குறைவு. ஏறத்தாழ 50 ஆண்டுகளாகக் குடியரசுக் கட்சியின் கையில் இருந்த தொகுதி கை மாறியது. 12 ஆண்டுகளுக்கு மேல் இருக்கமாட்டேன் என்று சொன்னவரை, 4 ஆண்டுகளிலேயே மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் 2019-ல் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். ஸ்பான்பெர்கர் 2025 நவம்பரில் வர்ஜீனியாவின் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மாநிலத்தில் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவரே.

கூலி என்ன ஆயிற்று? வர்ஜீனியா மாநிலம் தானே சட்டம் செய்து, குறைந்தபட்சக் கூலியை 2021 மே மாதத்தில் 9 டாலர் 50 சென்டாகவும், 2023-ல் 12 டாலராகவும் உயர்த்தியது. அந்தச் சட்டத்துக்கும் குடியேற்றத் தடைக்கும் சம்பந்தம் இல்லை. தொழிலாளிக்குக் கூலி உயர்வு எந்த வாசல் வழியாக வருகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நாம் கேட்ட பழைய பாட்டு

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. 1960-களில் அன்றைய பம்பாயில் கம்பெனி ஆபீசுகளில் குமாஸ்தாவாகவும், டைப்பிஸ்டாகவும், ஸ்டெனோவாகவும் இருந்த தமிழர்கள் அதைத் தங்கள் காதால் கேட்டார்கள். ஆபீசுகளில் வேலை பார்க்கும் தென்னாட்டுக்காரர்களின் பெயர்கள் "மார்மிக்" பத்திரிகையில் பட்டியல் பட்டியலாக வந்தன. 1966-ம் ஆண்டு ஜூன் மாதம் சிவசேனை பிறந்தது. "மதராசி நம் வேலையைப் பறிக்கிறான்" என்பதே அன்றைய கோஷம்.

வேலை இல்லாத மராத்தி இளைஞனின் குறை பொய் அல்ல. படித்துவிட்டு வேலை இல்லாமல் சொந்த ஊரில் சுற்றுவது யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் ஆள் எடுத்தது யார், சம்பளம் நிர்ணயித்தது யார் என்ற கேள்வி ஒதுங்கிப்போயிற்று. அடி விழுந்தது உடுப்பி ஓட்டல் மீதும், லுங்கி கட்டியவன் மீதும்.

இதற்குச் சரியான மருந்து எது என்பதை நம் பாராளுமன்றமே ஒருமுறை எழுதி வைத்தது. 1979-ம் ஆண்டில் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. ஒரே வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்கு என்ன கூலியோ, கான்டிராக்டர் அழைத்து வரும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அதே கூலி கொடுக்கவேண்டும் என்றது அந்தச் சட்டம். பிறகு அது 2020-ம் ஆண்டின் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கியது. அமலில் அது எவ்வளவு ஓட்டை என்பது நாக்காவில் காலையில் கூலிக்கு நிற்பவருக்குத் தெரியும். ஆனால் தத்துவம் சரியானது. இருவருக்கும் ஒரே கூலி என்றால், வெளியூர்க்காரனை வைத்து உள்ளூர்க்காரன் வயிற்றில் அடிக்க எந்த முதலாளியாலும் முடியாது. இருவருக்கும் சண்டையும் வராது.

இன்று நிலைமை இன்னொரு விதத்திலும் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் பீகாரிலும் ஒடிசாவிலும் இருந்து வந்தவர்கள் கட்டிட வேலையிலும், ஓட்டல்களிலும், பனியன் கம்பெனிகளிலும் நிற்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, "இவர்கள் வந்துதான் நம் கூலி போயிற்று" என்ற பேச்சு நம் காதிலும் விழுகிறது. அன்று தாதரில் நம்மைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை, இன்று திருப்பூரில் நாம் இன்னொருவரைப் பார்த்துச் சொல்லலாமா?

தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர், அமெரிக்காவில் வந்தாலும் ஆண்டிப்பட்டியில் வந்தாலும், வெளியூர்க்காரனைக் கையால் காட்டினால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "ஐயா, நீங்கள் பதவிக்கு வந்தால் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு?"

அதற்குப் பதில் தயாராக இல்லை என்றால், அவர் காட்டுவது அம்பை மட்டும்தான். எய்தவனை அல்ல.